ஆயாம்மாவுக்குத் தெரிந்திருந்தது

"பேஷன்ட்ஸ் வெட்கப்படறாங்க மேடம், வாயைத் திறந்து சொல்றதே இல்ல." சிறுநீர்க் கசிவு, மலம் அடக்க முடியாமல் போவது, அடி இறங்குவது (கர்ப்பப்பை போன்றவை கீழே சரிவது) என்று இந்த வகைத் தொல்லைகளைப் பற்றி மருத்துவர்களும் செவிலியர்களும் கூடிப் பேசும் இடங்களில் எல்லாம் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. சொன்னதும் எல்லாரும் தலையாட்டுவார்கள், அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கு அது நெஞ்சில் முள்ளாகவே இருக்கிறது. நான் பிசியோதெரபிஸ்ட். பெண்களின் இடுப்புத்தளத் தசைகளுக்கான சிகிச்சைதான் என் வேலையில் பெரும்பகுதி. அத்துடன் செவிலியர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் இதைப் பற்றி வகுப்பு எடுக்கிறேன். நான் பார்த்தவரை, நம் ஜனங்கள் சொல்லத்தான் செய்கிறார்கள். நேராகச் சொல்வதில்லை, சுற்றி வளைத்துச் சொல்கிறார்கள். டாக்டரிடம் சொல்லாததை மாத்திரை கொடுக்கும் பெண்ணிடம் சொல்கிறார்கள். அவளிடமும் சொல்லாததை, தங்கள் துணியை அள்ளிக்கொண்டு போகிறவரிடம் சொல்கிறார்கள். வெட்கம் என்று ஒன்று உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மொத்தப் பழியையும் அதன் தலையில் போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்வது நியாயமில்லை.

மூட்டு வலிக்காக ஒரு அம்மா வந்தார். அறுபது தாண்டிய வயது. நாற்காலியில் உட்காரும் முன் கையிலிருந்த மஞ்சப்பையைத் துழாவி ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். அதை இரண்டாக மடித்து நாற்காலியில் விரித்து, சேலையை ஒதுக்கிக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்தார். பல நாள் பழக்கம் என்பது அந்தக் கைகளின் வேகத்திலேயே தெரிந்தது. ஏன் என்று கேட்டேன். "இருமுனாப் போயிருது தாயி. ஒங்க நாக்காலி நனஞ்சிரக் கூடாதுல்ல" என்றார். எப்போதிருந்து இருமல்? பிரஷர் மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து. மாத்திரை அட்டையைக் காட்டினார். எனலாப்ரில். அந்த வகை மாத்திரைகள் சிலருக்கு விடாத வறட்டு இருமலைக் கொடுக்கும் என்பது மருந்தியல் படித்த யாருக்கும் தெரியும். நாள் முழுக்க இருமும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே தளர்ந்த தசையால் அதைத் தாங்க முடியாது. ஒவ்வொரு மாதமும் இவர் போய் மாத்திரை வாங்கியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் பிரஷர் பார்த்திருக்கிறார்கள், சர்க்கரை பார்த்திருக்கிறார்கள், நோட்டில் எழுதியிருக்கிறார்கள். "இந்தத் தொல்லைய அங்க சொன்னீங்களாம்மா?" என்று கேட்டேன். "சொன்னேனே. மாத்திர குடுக்குற புள்ளகிட்ட சொன்னேன். வயசாயிருச்சுல்ல பாட்டின்னுச்சு."

மருத்துவரிடம் பேசி மாத்திரையை வேறு வகைக்கு மாற்றினோம். சில வாரங்களில் இருமல் அடங்கியது. கசிவு பாதிக்கு மேல் குறைந்தது, மீதிக்குத் தசைப் பயிற்சி. இதில் பெரிய வைத்தியம் எதுவும் இல்லை. அந்த அம்மா சொல்லியிருக்கிறார், கேட்டவளுக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு யார் எதைச் சொல்லிக்கொடுத்தார்கள்?

படிப்பில் வந்தது எவ்வளவு

பிசியோதெரபி படித்த காலத்தில் இடுப்புத்தளத் தசைகளைப் பற்றி நான் படித்தது உடற்கூறியலில் கொஞ்சம், மகப்பேறு பாடத்தில் கொஞ்சம். முன்னால் பூப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை தூளி கட்டியது போல நிற்கும் அந்தத் தசைகள்தான் சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குகின்றன. படம் வரைந்து பாகம் குறித்து மதிப்பெண் வாங்கினோம். அந்தத் தசை ஒருவருக்கு வேலை செய்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் படித்து முடித்து வெகுநாள் கழித்துத் தனியாகத்தான் கற்றுக்கொண்டேன். என் வகுப்புக்கு வரும் செவிலியர்களிடம் கேட்டாலும் ஏறக்குறைய இதே கதைதான். கதீட்டர், அதாவது சிறுநீர்ப்பைக்குள் செருகிச் சிறுநீரை வடிக்கும் குழாய், போடுவதை அவர்கள் அருமையாகக் கற்றிருக்கிறார்கள். தட்டில் எதை எந்த வரிசையில் வைப்பது, கையுறை எப்போது, பலூனில் எத்தனை மில்லி தண்ணீர், எல்லாம் மனப்பாடம். அதை எப்போது எடுப்பது, எடுத்த பிறகு அந்த ஆள் ஒழுங்காகச் சிறுநீர் கழிக்கிறாரா என்று எப்படிப் பார்ப்பது, போடாமலே சமாளிக்க வழி உண்டா என்று கேட்டால் பேச்சு மூச்சில்லை.

ஒருமுறை இளம் செவிலியர் ஒருவர் வகுப்பு நடுவே எழுந்து கேட்டார்: "மேடம், அவங்க சொன்னாலும் நாங்க என்ன பண்றது? ரவுண்ட்ஸ்ல டாக்டர்கிட்ட சொன்னா, வயசானா அப்படித்தான்பாரு. அப்புறம் நான் திரும்பிப் போய் அந்தப் பாட்டிகிட்ட என்ன சொல்றது? அதான் கேக்கறதே இல்ல." இவ்வளவு நேர்மையான பதிலை எந்தக் கருத்தரங்கிலும் நான் கேட்டதில்லை. கையில் பதில் இல்லாதவருக்குக் கேள்வி கேட்க நாக்கு எழாது. இரண்டு பக்கமும் வாயடைத்து நிற்கிறார்கள், நாம் ஒரு பக்கத்தை மட்டும் வெட்கம் என்கிறோம்.

தேநீர் வந்த நேரம்

ஒரு மருத்துவமனையின் பெண்கள் வார்டில், அந்த வார்டுச் செவிலியர்களுக்கே வகுப்பு. மத்தியான நேரம். படம் காட்டிப் பேசுவதை விட்டுவிட்டு வார்டில் இருக்கும் எல்லாருடைய கேஸ் ஷீட்டையும் கொண்டுவரச் சொன்னேன். "இப்ப உங்க வார்டுல யாருக்கெல்லாம் யூரினோ மோஷனோ கட்டுப்பாடு இல்லாம போகுது? யாருக்குப் போகவே மாட்டேங்குது? கேஸ் ஷீட்டைப் பார்த்துச் சொல்லுங்க" என்றேன். புரட்டிப் பார்த்தார்கள். கதீட்டர் போட்டவர்களுக்கு எத்தனை மில்லி வந்தது என்ற கணக்கு இருந்தது. மற்ற எல்லாருக்கும் சேர்க்கையின்போது எழுதிய ஒரே வரி: பிளாடர், பவல், நார்மல். யார் கேட்டு எழுதியது, கேட்டுத்தான் எழுதினார்களா என்பது தெரியவில்லை. ஒருவருக்கு மட்டும் பேதி என்று குறித்து, அதை நிறுத்தும் லோபராமைடு மாத்திரை எழுதியிருந்தது. ஆக, வார்டில் யாருக்கும் எந்தத் தொல்லையும் இல்லை.

அப்போது அந்த வார்டின் ஆயாம்மா தேநீர் கொண்டுவந்தார். ஒப்பந்த வேலை, ஊதா நிறச் சேலை, ஐம்பது வயதிருக்கும். கப்புகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்துக்கொண்டே நாங்கள் பேசுவதைக் கேட்டிருப்பார் போல. தலைமைச் செவிலியர்தான் பேச்சுவாக்கில், "ஏம்மா, ஒனக்குத் தெரியுமா, யாருக்காச்சும் அப்படிப் போகுதா?" என்று கேட்டார். அந்த அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு, கட்டில் கட்டிலாகச் சொல்ல ஆரம்பித்தார்.

"மூணாம் பெட்டு அக்கா ராத்திரி பாத்ரூமுக்கு எந்திரிச்சு ஓடும்போதே வழியிலயே போயிரும் சிஸ்டர். வேட்டித் துணிய நாலா மடிச்சு வச்சுக்கிருது. ஆறாம் பெட்டுப் புள்ள தண்ணியே குடிக்க மாட்டேங்குது. குடிச்சா எந்திரிச்சுப் போகணுமே, தையல் வலிக்குமேன்னு பயம். பதினோராம் பெட்டுக்கு போகும், ஆனா முழுசாப் போகாது. போயிட்டு வந்து படுக்கும், மறுபடியும் எந்திரிக்கும்." கொஞ்சம் நிறுத்தினார். அடுத்ததைச் சொல்லலாமா என்று தலைமைச் செவிலியரின் முகத்தைப் பார்த்தார். சொல்லுங்கள் என்றேன். "எட்டாம் பெட்டுப் பாட்டிக்கு வயித்தால போகுதுன்னு மாத்திர குடுத்துருக்கீக. அது வயித்தால போறது இல்ல. உள்ள கட்டியா இறுகிக் கெடக்கு, ஓரத்து வழியா தண்ணியா கசியுது. தொடைக்கிறப்பத் தெரியுதுல்ல. வயிறும் கல்லாட்டம் இருக்கு."

அறையில் யாரும் பேசவில்லை. பணியிலிருந்த பெண் மருத்துவர் எழுந்து போய் எட்டாம் கட்டில் பாட்டியைப் பரிசோதித்தார். மலக்குடல் நிறைய இறுகிய மலம். இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கையாக இருந்தவர், வலிக்கான மாத்திரைகள் வேறு ஏற்கெனவே குடலைக் கட்டியிருந்தன. இறுகிய கட்டியைச் சுற்றி மேலிருந்து நீர்த்த மலம் மட்டும் வழிந்து வந்திருக்கிறது. பார்ப்பவருக்கு அது பேதி. பேதிக்கு என்று கொடுத்த லோபராமைடு குடலை மேலும் கட்டியிருக்கிறது. அன்றே மாத்திரையை நிறுத்தி, எனிமா கொடுத்து, மீதியைக் கையால் எடுத்தார்கள். இரண்டு நாளாகச் சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த பாட்டி மறுநாள் இட்லி கேட்டாராம். மூத்திரமும் விட்டு விட்டுச் சொட்டிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது. மலக்குடல் அடைத்துக்கொண்டால் அது முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையை நெருக்கும். இரண்டையும் தனித்தனி வியாதியாகப் பார்க்கக் கூடாது என்று வகுப்பில் நான் சொல்லும் பாடம் அங்கே கட்டிலில் கிடந்தது.

அந்த அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று பிறகு கேட்டேன். அவருடைய மாமியார் படுக்கையில் கிடந்த காலத்தில் அனுபவித்தது என்றார். அவருக்குத் தெரிந்ததை எழுத கேஸ் ஷீட்டில் ஒரு கட்டம் கிடையாது. சொல்ல ஒரு ஆள் கிடையாது. சொன்னால், "உன் வேலையப் பாரு" என்பார்களோ என்ற பயம் உண்டு. நோயாளிகள் எல்லாரையும்விட அதிகம் பேசுவது இவரிடம்தான், ஏனென்றால் ஈரத் துணியை அவர் கையில்தான் கொடுக்கிறார்கள். சுகாதாரப் பணியாளர்களுக்குக் கல்வி என்று நாம் போடும் திட்டங்களில் எல்லாம் மருத்துவர், செவிலியர், பிசியோதெரபிஸ்ட் என்று வரிசை போகும். துணி எடுப்பவர் அந்த வரிசையில் இருப்பதில்லை. அன்றைக்குப் பிறகு ஆயாம்மாக்களையும் உட்கார வைக்காமல் நான் வார்டு வகுப்பு எடுப்பதில்லை. "அவங்களுக்கு என்ன மேடம் புரியப் போகுது" என்று ஒரு மேட்ரன் சொன்னார். எட்டாம் கட்டில் கதையை அவரிடம் சொன்னேன். நாற்காலி போட்டுத் தந்தார்.

"கெகல் பண்ணுங்க"

பிரசவம் முடிந்து வீட்டுக்குப் போகும் பெண்ணிடம் இப்போது பல இடங்களில் "கெகல் எக்சர்சைஸ் பண்ணுங்கம்மா" என்று சொல்லி அனுப்புகிறார்கள். இடுப்புத்தளத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி அது. சொல்லவே சொல்லாத காலத்துக்கு இது பரவாயில்லை. ஆனால் ஆர்னால்ட் கெகல் என்ற அந்த அமெரிக்க மருத்துவர் 1948இல் எழுதியது இப்படி வாயால் சொல்லி அனுப்பும் வைத்தியம் இல்லை. விரலால் பரிசோதித்து, சரியான தசை இறுகுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பயிற்சியைத் தொடங்கினார். தசை எவ்வளவு இறுகுகிறது என்பதை அந்தப் பெண்ணே முள் நகர்வதில் பார்க்கும்படி பெரினியோமீட்டர் என்ற கருவியையும் செய்தார். பரிசோதனையும் போய், கருவியும் போய், நம்மிடம் பெயர் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

வாயால் சொல்வது போதுமா என்று 1991இல் ரிச்சர்ட் பம்ப் என்ற மருத்துவரும் குழுவினரும் அளந்து பார்த்தார்கள். 47 பெண்களுக்குச் சுருக்கமாக வாய்மொழியில் விளக்கிவிட்டு, அவர்கள் தசையை இறுக்கும்போது கருவியால் அளந்தார்கள். சரியாகச் செய்தவர்கள் 49 சதவீதம். 25 சதவீதம் பேர் செய்த விதம் கசிவை அதிகப்படுத்தக்கூடியது. மேலே இழுக்க வேண்டியதைக் கீழே முக்கியிருக்கிறார்கள். இந்த எண்களைக் காட்டும்போது மருத்துவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நாம் நல்லது என்று சொல்லி அனுப்புவதில் நாலில் ஒருவருக்குக் கெடுதல் நேரலாம் என்றால் சும்மா சொல்லி அனுப்ப யாருக்கும் மனம் வராது. சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகுங்கள் என்று சொல்லும் வழக்கமும் இன்னும் இருக்கிறது. அதையே பயிற்சியாகச் செய்தால் பை முழுதாகக் காலியாவது கெட்டுப்போகும். அதை அறவே விட்டுவிட வேண்டும்.

அதனால் வகுப்பில் முதலில் அவர்களையே செய்ய வைக்கிறேன். கெட்டியான மரப் பெஞ்சு, ஒரு துண்டை உருட்டி அதன் நடுவில் உட்காருவது. காற்றை அடக்குவது போலப் பின்பக்கத்தை மேலே இழுங்கள், அந்த இழுப்பை அப்படியே முன்பக்கம் கொண்டுவாருங்கள், வயிறும் தொடையும் பிட்டமும் அசையக் கூடாது, மூச்சு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சொல்ல எளிது. முதல் முறையில் பாதிப் பேர் மூச்சைப் பிடித்திருப்பார்கள், சிலருக்குத் தோள்கூட ஏறும். பக்கத்தில் இருப்பவரிடம் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணிக்கொண்டே இறுக்குங்கள் என்றால் குரல் நின்றுவிடும். தங்களுக்கே வரவில்லை என்று தெரிந்த பிறகு, பிரசவித்த வலியோடு படுத்திருக்கும் பெண்ணிடம் இரண்டு வார்த்தையில் சொல்லி அனுப்ப அவர்களுக்கு மனம் வருவதில்லை. சரியாக வருகிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகு, ஒரு நாளைக்கு 3 வேளை, வேளைக்குக் குறைந்தது 8 முறை, குறைந்தது 3 மாதம், நடுநடுவே வரவழைத்துப் பார்த்து. இது சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு சொல்லும் அளவு. ஒரு வாரம் செய்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று விடுகிறவர்களுக்கு இந்த 3 மாதக் கணக்கை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

ஆனால் உடனே கைகொடுக்கும் ஒன்று உண்டு. இருமலோ தும்மலோ வருவதற்கு ஒரு நொடி முன்னால் தசையை இறுக்கிக்கொள்வது. ஜேனிஸ் மில்லர் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், லேசான கசிவு இருந்த பெண்களுக்கு இந்த ஒன்றை மட்டும் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் இருமும்போது கசியும் அளவு நன்றாகக் குறைந்தது. பிளாஸ்டிக் கவர் அம்மாவுக்கு நான் முதலில் கற்றுக்கொடுத்தது இதைத்தான். இதைக் கற்றுக்கொண்ட செவிலியருக்கு, மறுநாள் காலை வார்டில் யாராவது சொன்னால் பதில் சொல்ல ஒன்று கையில் இருக்கிறது. கேட்கவும் தைரியம் வருகிறது.

பிரசவ அறைக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. 1993இல் அப்துல் சுல்தான் என்ற மருத்துவரும் குழுவினரும் லண்டனில் முதல் பிரசவம் முடிந்த பெண்களை அல்ட்ராசவுண்ட் மூலம் பார்த்தபோது, 35 சதவீதம் பேருக்கு ஆசனவாய்ச் சுருக்குத் தசையில் பழுது இருந்தது. பெரும்பாலும் வெளியில் தெரியாத பழுது. அதற்குப் பிறகுதான் அந்தக் கிழிசலைக் கண்டுபிடிக்கவும் தைக்கவும் பன்றியின் சுருக்குத் தசையை வைத்து மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் கைப்பயிற்சி கொடுக்கும் வழக்கம் பரவியது. நம் ஊரில் பிரசவம் முடிந்து வருகிறவளிடம் தையல் ஆறிச்சா, பால் இருக்கா என்று கேட்கிறோம். காற்றை அடக்க முடிகிறதா என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்டால் போதும். அந்தக் கேள்விக்கு அழுதுகொண்டே பதில் சொன்ன பெண்கள் உண்டு. மாமியார் வீட்டில் நாலு பேர் நடுவில் உட்காரப் பயந்து ஒரு வருடமாக அறையை விட்டு வெளியே வராத பெண்ணும் உண்டு.

குழாய் போடுவது, எடுப்பது

கதீட்டர் போட உத்தரவு எழுதுவார்கள். எடுக்க எழுதுவதற்குப் பல நாள் ஆகும், சில நேரம் யாருக்கும் ஞாபகமே இருக்காது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் கூடுகிறது. ஒரு மாதம் வைத்திருந்தால் ஏறக்குறைய எல்லாருக்கும் கிருமி வந்துவிடும். வார்டில் செவிலியர்களுக்கு நான் சொல்லுவது, காலை ரவுண்ட்ஸில் "இன்னிக்கு இவங்களுக்கு டியூப் எதுக்கு சார்?" என்று தினமும் ஒரு முறை கேளுங்கள் என்பது. ஈரத் துணி மாற்ற ஆள் இல்லை என்பது பதிலாக வந்தால், அது நோயாளிக்கான காரணம் இல்லை.

முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் விஷயத்தில் இந்த அறிவு உயிர் காத்திருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னால், இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்களில் மிகப் பலர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீரகம் கெட்டும் இறந்தார்கள். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் தொடங்கிய முதுகுத்தண்டு சிகிச்சை மையம் அதை மாற்றியது. நம்முடைய வேலூர் சிஎம்சியில் மேரி வர்கீஸ் 1954இல் நடந்த வாகன விபத்தில் தானே கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடி அறுவை சிகிச்சைகள் செய்தவர். அவர் முயற்சியில் 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் வந்தது. 1972இல் மிச்சிகனில் ஜாக் லாபிடெஸ் என்ற மருத்துவர், குழாயை எப்போதும் உள்ளே வைத்திருக்காமல் சில மணிக்கு ஒருமுறை நோயாளியே செருகி வடித்துவிட்டு எடுத்துவிடலாம், அதற்குக் கிருமி நீக்கிய தட்டும் கையுறையும் வேண்டாம், சோப்பு போட்டுக் கழுவிய கை போதும் என்று எழுதியபோது பலர் நம்பவில்லை. இன்று உலகம் முழுக்க முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு அதுதான் முதல் வழி. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த ஒரு தம்பி, தன் சட்டைப் பையில் சின்ன டப்பாவில் குழாய் வைத்துக்கொண்டு இப்போது செல்போன் கடை நடத்துகிறார். அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தது ஒரு செவிலியர். அவர் வேலை பார்த்த முந்தைய மருத்துவமனையில் யாருக்குமே அது தெரியாதாம்.

சொல்லிக்கொடுப்பவர்களின் சிறுநீர்ப்பை

வகுப்பின் பகுதியாக எல்லாரையும் 3 நாள் குறிப்பு எழுதச் சொல்வேன். எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்கு எவ்வளவு போனது, அவசரம் இருந்ததா, கசிந்ததா. நோயாளிகளிடம் வாங்க வேண்டிய குறிப்பு இது, வகுப்புக்கு வருகிறவர்களே எழுதிப் பார்த்தால்தான் மற்றவருக்கு விளக்க முடியும். அந்தத் தாள்கள் திரும்பி வந்தபோது என்னால் அவற்றை எளிதில் கீழே வைக்க முடியவில்லை. காலை ஷிப்டு தொடங்கும் முன் ஒரு முறை, அதன் பிறகு மத்தியானம் வீட்டுக்குப் போகும் வரை கட்டங்கள் காலி. தண்ணீர்க் கட்டமும் காலி. அப்புறம் ஒரே மூச்சில் 700 மில்லி. வழக்கமாக 400, 500 மில்லி ஆனாலே பை போதும் போதும் என்று கத்தும். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பெண்கள். இரவு ஷிப்டில் இன்னும் மோசம். ஏன் என்று கேட்டால், ஒரு சிஸ்டர் நாற்பது பேரைப் பார்க்கும்போது வார்டை விட்டுப் போக முடியாது என்றார்கள். ஒரு மருத்துவமனையில் பணியாளர் கழிப்பறை இரண்டு மாடி கீழே. இன்னொன்றில் பூட்டு, சாவி அலுவலகத்தில். தண்ணீர் குடிங்க, அடக்கி வைக்காதீங்க என்று இவர்கள்தான் நோயாளிக்குச் சொல்ல வேண்டும். அதே வார்டில் கசிவு தங்களுக்கும் இருக்கிறது என்று எழுதியவர்களும் உண்டு, பெயர் போடாத தாளில்.

அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு நிர்வாகத்திடம் பேசினோம். சாவி செவிலியர் மேசைக்கு வந்தது. இரவில் கழிப்பறைக்குப் போகும் நேரத்துக்குப் பக்கத்து வார்டு சிஸ்டர் ஒரு கண் வைத்துக்கொள்வது என்று அவர்களே பேசி வைத்துக்கொண்டார்கள். ஆள் கூட்டித் தரச் சொன்னது மட்டும் நடக்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மருத்துவமனைக்கு வெளியேதான் வேலை அதிகம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டும் நோய்த்தணிப்புச் செவிலியரும் வீட்டுக்கே போகிறார்கள். வீட்டுக்குள் போகிறவருக்குக் கேஸ் ஷீட் தேவையில்லை. கட்டில் எங்கே போட்டிருக்கிறது, கழிப்பறை எத்தனை படி தள்ளி, கொடியில் என்ன துணி காய்கிறது, எல்லாம் கண்ணெதிரே இருக்கும். பக்கவாதம் வந்த பெரியவருக்குக் கால் பயிற்சி கொடுத்துவிட்டு எழும்போது, அவருடைய மனைவியிடம் தனியாகக் கேட்கச் சொல்லிக்கொடுக்கிறேன்: ராத்திரி எத்தனை தடவை துணி மாத்துறீங்கம்மா? காலையில் சூடாக ஏதாவது குடித்து அரை மணி நேரத்துக்குள் குடல் தானாக அசையும், அந்த நேரம் பார்த்து உட்கார வையுங்கள், காலுக்கு ஒரு பலகை போடுங்கள். அந்த வேளையைத் தவறவிடாமல் பழக்கினாலே பல வீடுகளில் டயப்பர் செலவு குறைகிறது. கால் வீங்கியவர்களைச் சாயங்காலம் கொஞ்ச நேரம் காலை உயர்த்திப் படுக்கச் சொல்லுங்கள், காலில் தேங்கிய நீர் தூங்கும்முன் இறங்கிவிட்டால் ராத்திரி எழுந்திருப்பது குறையும். மருந்தகத்தில் கிடைக்காத இந்த மாதிரி விஷயங்கள்தான் அவர்கள் கையோடு எடுத்துப் போகிற வைத்தியம்.

எட்டாம் கட்டில் பாட்டி இருந்த அந்த வார்டில், ஷிப்டு மாறும்போது ஒப்படைக்கும் நோட்டில் இப்போது ஒரு பத்தி சேர்த்திருக்கிறார்கள். இரவு யார் எத்தனை முறை எழுந்தார்கள், யாருக்குத் துணி மாற்றியது, யாருக்கு எத்தனை நாளாகப் போகவில்லை என்று ஆயாம்மா சொல்லச் சொல்ல சிஸ்டர் எழுதிக்கொள்கிறார். மலம் எப்படி இருந்தது என்பதற்கு 1997இல் வந்த பிரிஸ்டல் அட்டையின் 7 படங்களைப் பெரிதாக அச்சடித்துக் கழிவறைப் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள், எண்ணைச் சொன்னால் போதும். தலைமைச் செவிலியர் மாற்றலாகிப் போனபோது நின்றுவிடுமோ என்று பயந்தேன், நிற்கவில்லை. பக்கத்து ஆண்கள் வார்டில் இன்னும் தொடங்கவில்லை. புராஸ்டேட் அறுவை முடிந்து கசிவோடு படுத்திருப்பவர்கள் அங்கே எப்போதும் இரண்டு மூன்று பேர் உண்டு. அந்த வார்டில் துணி எடுக்கும் அண்ணன்களுக்கு அடுத்த மாதம் வகுப்பு வைத்திருக்கிறோம். இந்த முறை செவிலியர்களை அழைப்பதற்கு முன்பே அவர்களைத்தான் அழைத்திருக்கிறேன்.